நோன்பு திறக்கப் போன சோறு

மே 13, திங்கள்

என் சாப்பாட்டுக் கடைக்குப் புது ஓடர் ஒன்று வந்திருக்கிறது. பாலையடிச் சந்தியில் பூட்டிக் கிடந்த பழைய பயிற்சிக் கட்டிடத்தில் ஆட்களைக் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் ஆட்கள். நீர்கொழும்பில் வாடகைக்கு இருந்தவர்களாம். ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகு வீட்டுக்காரர்கள் எழுப்பிவிட, பள்ளிவாசலிலும் பொலிஸ் நிலையத்து முற்றத்திலும் படுத்து எழும்பி, இப்போது எங்கள் பக்கம். சாப்பாட்டுக்குப் பொறுப்பான தொண்டு நிறுவனத்திலிருந்து ஒருவர் வந்து கேட்டார். நோன்பு காலம் என்பதால் பின்னேரம் ஒரு நேரப் பார்சல் போதும். நூற்றிப் பத்துப் பேர். இறைச்சி வேண்டாம், மீனும் மரக்கறியும்.

ஜெசிந்தா முகத்தைச் சுளித்தாள். என் குசினியில் கனகாலமாக நிற்பவள். அவளுடைய சின்னம்மாவின் மகள் கொழும்பில் தேவாலயத்துக்குள் காயப்பட்டவள்.

"உவங்களுக்கோ சமைக்கப் போறியள், அக்கா?"

"குண்டு வைச்சவங்கள் வேறை, இவை வேறை."

"எனக்கு அந்த வித்தியாசம் விளங்கேல்லை."

எனக்கும் பெரிதாக விளங்கவில்லை. ஆனால் கடை கொஞ்ச நாளாகப் படுத்துக் கிடக்கிறது.

ரூபன் வழக்கம்போலச் சாப்பிட வந்தான். தம்பி பிரதேச சபை உறுப்பினர். பெண்சாதி யாழ்ப்பாணத்தில் படிப்பிக்கிறாள், அதனால் மத்தியானச் சாப்பாடு என் கடையில்தான். விசயத்தைக் கேட்டதும் சோற்றைப் பிசைவதை நிறுத்தினான்.

"எடுக்காதை, அக்கா. எங்கட சனத்தின்ரை காணியை ஆமி பிடிச்சு வைச்சுக்கொண்டு தரமாட்டான். வெளிநாட்டானைக் கொண்டுவந்து எங்கட தலையிலை மட்டும் இருத்துவான்."

காணிக் கதை உண்மை. எங்கள் பெரியப்பாவின் தென்னங்காணியே இன்னும் முள்ளுக்கம்பிக்கு உள்ளேதான் கிடக்கிறது. "நான் சமைக்கிறவள், இருத்துறவள் இல்லை" என்றேன். சிரித்துவிட்டு மீன் தலை இருக்கிறதா என்று கேட்டான். எடுத்து வைத்திருந்தேன், கொடுத்தேன்.

மே 15, புதன்

முதல் நாள் பார்சல் கொண்டு போனோம். வாடகைக்குப் பிடித்த சின்ன லொறி, இராசு அண்ணை ஓட்டுகிறார். வாசலில் இரண்டு பொலிஸ். உள்ளே ஒரே சத்தம், பிள்ளைகள் ஓடுகிறார்கள், கொடி முழுக்க உடுப்பு. எனக்குத் தலை வலித்தது.

பார்சலைப் பொறுப்பெடுக்க ஒரு பெண் வந்தாள். நுஸ்ரத். முப்பத்தைந்து வயது இருக்கும். எனக்கு அவளுடைய பாசை தெரியாது, அவளுக்குத் தமிழ் தெரியாது. இருவரும் சிங்களத்தில் கதைத்தோம். என்னுடையது கொழும்புக் கார்மெண்டில் பழகியது, அவளுடையது நீர்கொழும்பு மீன்சந்தையில் பழகியது. கேட்டுக்கொண்டு நின்ற பொலிஸ்காரனுக்குச் சிரிப்பு.

ஊரை ஏன் விட்டு வந்தாள் என்று கேட்டேன். அவர்களுடைய பிரிவை முஸ்லிமே இல்லை என்று பாகிஸ்தானில் சட்டம் இருக்கிறதாம். மாமனாரை அவருடைய கடைக்குள்ளே வைத்துச் சுட்டார்களாம். "அங்கே முஸ்லிம் இல்லை என்று விரட்டினார்கள், இங்கே முஸ்லிம் என்று விரட்டுகிறார்கள்" என்றாள். சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டதுபோல, வேறு யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

பிறகு, கறியில் தேங்காய் கொஞ்சம் கூட, உறைப்பு நல்லம் என்றாள். நான் கேட்கவில்லை.

கை கொடுத்தாள், நானும் கொடுத்தேன். கடைக்கு வந்து கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினேன். சமையல்காரி எப்படியும் கழுவத்தானே வேண்டும்.

மே 17, வெள்ளி

கடைக்கு மூன்று பேப்பர் வாங்குகிறேன், சாப்பிட வருகிறவர்களுக்காக. செவ்வாய்க்கிழமை 'அகதிகள்' என்று போட்டிருந்தது. நேற்று 'வெளிநாட்டவர்கள்'. இன்று கொட்டை எழுத்தில் 'மர்ம நபர்கள்'. மூன்று நாளில் அங்கே படுத்திருக்கிற பிள்ளைத்தாய்ச்சியும் மர்ம நபர் ஆகிவிட்டாள்.

முகநூலில் செய்திப் பக்கம் நடத்தும் துவாரகன் ஆயிரத்து அறுநூறு பேர் என்று எழுதியிருக்கிறான். மேசைக்கு மேசை அதே கணக்கு. "நான் பார்சல் கட்டுறன், எனக்குத் தெரியும், நூற்றிப் பத்து" என்றேன். அரசாங்க அலுவலகமான கச்சேரியில் வேலை செய்கிற ஒருவர், படித்த மனிதர், ரசத்தை உறிஞ்சிவிட்டுச் சொன்னார்: "அது உங்களுக்குக் காட்டுற கணக்கு, பிள்ளை. மிச்சம் பேர் சாப்பிடாமல் ஒளிச்சிருப்பாங்கள்."

சாப்பிடாமல் ஒளித்திருக்கும் ஆயிரத்து ஐந்நூறு பேர். இதைச் சொன்ன வாயாலேயே இன்னொரு அப்பளம் கேட்டார். அவருடைய எச்சில் பீங்கானைத் தூக்கும்போது முதல் தடவையாக அருவருத்தது. இத்தனை வருடம் ஊரார் எச்சில் எடுத்தவள் நான்.

மே 18, சனி

முள்ளிவாய்க்காலுக்குப் போய் விளக்கேற்றிவிட்டு வந்தோம். யுத்தம் முடிந்து பத்து வருடம்.

திரும்பி வந்து சந்தியில் நடந்த கூட்டத்தில் ரூபன் பேசினான். பசியோடும் காயத்தோடும் ஓடி வந்தவர்களுக்கு உலகம் கதவைச் சாத்தியது என்றான். குரல் தழுதழுத்தது. நடிப்பில்லை. யுத்தம் முடிந்து எங்களை அடைத்து வைத்த முகாமில், லொறியிலிருந்து எறிகிற சோற்றுப் பார்சலுக்குப் பின்னால் நாங்கள் இரண்டு பேரும் ஓடியிருக்கிறோம். அவனுக்குக் காலில் செல் துண்டு, அதனால் அவனுடையதையும் நான்தான் பிடிக்க வேண்டும். நானும் நின்று அழுதேன்.

பின்னேரப் பார்சல் கொஞ்சம் பிந்திவிட்டது. நுஸ்ரத் எண்ணி வாங்கினாள்.

மே 21, செவ்வாய்

இன்றைக்கு நடந்ததை இப்போதே எழுதிவிட வேண்டும்.

அகதிகளை வெளியேற்றச் சொல்லி, பாலையடிச் சந்தியில் ரூபனின் கட்சிக்காரர் ரோட்டை மறித்தார்கள். எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. மூன்று மணிக்குப் போன லொறி டயர் போட்டு மறித்த இடத்தில் நின்றது. தகரம் மூடிய லொறி, வைகாசி வெயில். இராசு அண்ணை இறங்கிப் போய்க் கெஞ்சினார். நான் ரூபனுக்குப் போன் எடுத்தேன். சனத்துக்கு முன்னால் வெள்ளைச் சேட்டோடு நிற்பது எனக்குத் தெரிகிறது.

"தம்பி, சாப்பாட்டு லொறி. விடச் சொல்லு."

"ஐஞ்சு நிமிசம், அக்கா. ரிவிக்காரர் ஓமந்தையிலை வந்துகொண்டிருக்கினம். அவை வந்து எடுத்தவுடனை விடுறம்."

ரிவிக்காரர் வர ஐந்து மணி. வந்தவர்கள் நிழலில் நின்று சோடா குடித்தார்கள். பிறகு கமராவை முக்காலியில் பூட்டிவிட்டு, சனத்தை இன்னொருக்கால் கோசம் போடச் சொன்னார்கள். களைத்துப் போய் இருந்த சனம் எழும்பி, அவர்களுக்காகப் புதிதாகக் கோபப்பட்டது. கமரா நின்றதும் கோபமும் நின்றது. நான் இதை என் கண்ணால் பார்த்தேன்.

உள்ளே போகும்போது பொழுது பட்டுவிட்டது. நாள் முழுக்கப் பட்டினி இருந்தவர்கள் வரிசையாக நிலத்தில் இருந்தார்கள். தேங்காய்ப்பால் விட்ட பருப்பு அந்த வெயிலுக்கு நிற்காது என்று எனக்குத் தெரியும், இருந்தாலும் முதல் பார்சலை அவிழ்க்கும்வரை வேண்டிக்கொண்டே இருந்தேன். அவிழ்த்ததும் மணம் வந்தது. சோறு பசைபோல நூல் இழுத்தது. மீன் வேறு ஒரு மாதிரி வெளிறியிருந்தது. பார்சலுக்குப் பார்சல் அதே. நுஸ்ரத்தின் சின்ன மகள் யாரும் பார்க்காமல் ஒரு வாய் வைத்துவிட்டுச் சத்தி எடுத்தாள்.

சிலர் அப்படியே தின்னப் பார்த்தார்கள். நான் பறித்து, எல்லாவற்றையும் பின்பக்கத்துக் குழியில் கொட்டச் சொன்னேன். அவர்கள் தண்ணீரும் பேரீச்சம்பழமும் பிஸ்கட்டுமாக நோன்பு திறந்தார்கள். ஒருவரும் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

மே 22, புதன்

துவாரகனின் பக்கத்தில் படம். பக்கத்து வளவுத் தண்ணீர்த் தாங்கியில் ஏறி எடுத்திருக்கிறான். குழி, அதற்குள் சோறு, பார்சல் சுற்றிய லஞ்ச் சீற் கிழிசல், காகங்கள். மேலே எழுதியிருக்கிறான்: 'பட்டினியால் செத்த மண்ணில் எங்கள் சோற்றைக் குப்பையில் எறிந்த திமிர்.'

பத்துமணிக்குள் ஆயிரக்கணக்கானவர்கள் பகிர்ந்துவிட்டார்கள். கனடாவிலிருந்து, சுவிஸிலிருந்து, அகதியாகப் போய்க் குளிர்நாட்டில் குந்தியிருக்கிற எங்கள் ஆட்கள் எழுதுகிறார்கள், அகதிக்கு எவ்வளவு கொழுப்பு என்று. ஒருவன் நஞ்சு வை என்று எழுதியிருந்தான். அதற்கு எண்பது பேர் விருப்பம் போட்டிருந்தார்கள். போனை வைத்துவிட்டுப் போய் முகம் கழுவினேன். ஊத்தைக்குள் கைவிட்டதுபோல இருந்தது.

தெரிந்த பெண்கள் போன் எடுத்து என்னைத் தேற்றினார்கள். "உங்கட கைச் சாப்பாட்டையே கொட்டினவள்கள்" என்று ஒருத்தி அழுதாள். நான் "ம்" என்றேன். வேறென்ன சொல்வது? சாப்பாடு பழுது என்று சொன்னால் நாளைக்குச் சுகாதாரப் பரிசோதகர் வந்து நிற்பார். கடைக்கு யார் வருவார்கள்?

ஜெசிந்தா கழுவிய கிடாரத்தையே மறுபடியும் கழுவிக்கொண்டு நின்றாள்.

மே 23, வியாழன்

வெங்காயம் உரித்தோம். கடையில் நல்ல சனம். என்னைப் பார்க்கவென்றே வருகிறார்கள்.

மே 24, வெள்ளி

ரூபன் சாப்பிட்டு முடியும்வரை பொறுத்திருந்து கேட்டேன்.

"சோறு ஏன் குழிக்குள்ளை போனதெண்டு உனக்குத் தெரியும்தானே?"

"தெரியும்."

"பிறகேன் கூட்டத்துக்குக் கூட்டம் உந்தப் படத்தைக் காட்டுறாய்?"

விரலைச் சூப்பிவிட்டு, சின்னப்பிள்ளைக்கு விளங்கப்படுத்துவதுபோல ஆறுதலாகச் சொன்னான். "அக்கா, காணி எண்டு பத்து வருசம் கத்தினன். ஒரு ரிவி வரேல்லை. சோறு எண்டவுடனை எல்லாரும் வந்திட்டினம். சனம் இப்பதான் கேக்குது. இதிலை உண்மை பொய் பார்த்தால் எங்கட அலுவல் நடவாது."

"அவையள் உனக்கு என்ன செய்தவை?"

"ஒண்டும் செய்யேல்லை. நான் அவையளோடை கோவமும் இல்லை."

அதுதான் என்னைத் தூக்கிப்போட்டது. கோபத்தில் செய்தான் என்றால் ஒரு நாள் ஆறும். இவன் கோபமே இல்லாமல் செய்கிறான். கை கழுவப் போகிற வழியில் என் தோளைத் தட்டிவிட்டுப் போனான். இதே கை, ஒரு காலத்தில் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு நடந்த கை. தோளைத் துடைக்க வேண்டும்போல இருந்தது.

மே 26, ஞாயிறு

நுஸ்ரத்தின் புருசனை அடித்துவிட்டார்கள். பிள்ளைக்குப் பால்மா வாங்கச் சந்திக் கடைக்குப் போயிருக்கிறார். கடைக்காரன் பால்மா இல்லை என்றானாம், பின்னால் தட்டு நிறைய அடுக்கியிருந்ததாம். திரும்பி வரும்போது நாலு பேர். "சோறு கொட்டினனியோடா" என்று கேட்டுக் கேட்டு அடித்திருக்கிறார்கள். அவருக்குச் 'சோறு' என்ற சொல் மட்டும் விளங்கியிருக்கிறது. யாரோ சாப்பிடக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துச் சிரித்தாராம். தலையில் தையல்.

பார்சலை வாங்கிக்கொண்டு நுஸ்ரத் கேட்டாள்: "அன்றைக்கு என்ன நடந்தது என்று நீங்கள் அவர்களுக்குச் சொல்லவில்லையா?"

சொல்லுவேன் என்றேன். 'சொன்னேன்' என்பதற்கும் 'சொல்லுவேன்' என்பதற்கும் என் சிங்களத்தில் வித்தியாசம் சரியாக வருவதில்லை. அவள் எப்படி எடுத்தாளோ தெரியாது. நான் திருத்தவும் இல்லை.

மே 29, புதன்

ரவுணில் பெரிய கூட்டம். என்னைக் கௌரவிக்கப் போகிறார்களென்று ரூபன் காலையிலேயே ஆள் அனுப்பினான். போகமாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். போனேன். நல்ல சேலையும் உடுத்திக்கொண்டு போனேன்.

மேடையில் என் படமும் குழியின் படமும் பக்கத்தில் பக்கத்தில். என்னை 'அவமதிக்கப்பட்ட தாய்' என்றார்கள். கொழும்பிலிருந்து வந்த ஒரு பெரியவர் பொன்னாடை போர்த்தினார். அவருடைய கை என் தோளில் இருந்தபோதே கண் கமராவைத் தேடியது. போர்வை புதுத்துணி மணம். எனக்கு அந்த லொறிக்குள் அடித்த மணம்தான் வந்தது. கீழே முன்வரிசையில் கச்சேரிக்காரர், பால்மாக் கடைக்காரன், ஜெசிந்தா, எல்லாரும்.

இரண்டு வார்த்தை சொல்லச் சொல்லி மைக்கைத் தந்தார்கள்.

"சோத்தைக் குழியிலை கொட்டினவை. உண்மைதான்" என்றேன். கை தட்டினார்கள். அடங்கும்வரை நின்றேன். "கொட்டச் சொன்னது நான். அது பழுதாப்போன சோறு. நாள் முழுக்க நோன்பிருந்த சனம், அதையும் தின்னப் பார்த்தவை, நான்தான் பறிச்சுக் கொட்டச் சொன்னனான். ரோட்டை மறிச்சு வைச்சிருந்தது..."

மைக் செத்துவிட்டது. கரண்ட் போகவில்லை, தலைக்கு மேலே விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. நான் கத்திச் சொன்னேன். முன்வரிசைக்குக் கேட்டது. கேட்டவர்கள் ஒருவரும் அசையவில்லை. பாட்டுப் போட்டார்கள். ரூபன் வந்து என் முழங்கையைப் பிடித்து, சனத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, இறக்கிக்கொண்டு போனான்.

"ஏன் அக்கா இப்பிடிச் செய்தனி?" என்றான் படியில் வைத்து. குரலில் உண்மையான துக்கம்.

மே 30, வியாழன்

துவாரகனின் பக்கத்தில் வீடியோ. நான் நிற்கிறேன். "சோத்தைக் குழியிலை கொட்டினவை. உண்மைதான்." கைதட்டு. பிறகு நான் பொன்னாடையால் முகம் துடைக்கிறேன். வேர்வை துடைத்தது. அதற்குச் சோக வயலின் போட்டிருக்கிறான். அவ்வளவுதான் வீடியோ.

ரிவிச் செய்தியிலும் அதுதான். நேற்று மேடைக்கு முன்னால் இருந்து முழுவதையும் கேட்டவர்களே அதைப் பகிர்ந்திருக்கிறார்கள்.

இன்று ஜெசிந்தா வேலைக்கு வரமாட்டாள் என்று நினைத்தேன். வந்தாள். தேங்காய் துருவியபடி சொன்னாள்: "எனக்கு அவையளைப் பிடிக்கேல்லைத்தான் அக்கா. இப்பவும் பிடிக்கேல்லை. அதுக்காக நடக்காததை நடந்ததெண்டு சொல்லுறதே?"

ஊரில் யாரும் இப்படி ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்கவில்லை.

ஜூன் 3, திங்கள்

அவர்களை ஏற்றிப் போய்விட்டார்கள். எங்கே என்று சரியாகத் தெரியாது. பொதுமக்களின் எதிர்ப்பு என்று பேப்பரில் இருந்தது. இரண்டு பஸ். பெருநாளுக்கு இன்னும் இரண்டு நாள்தான் இருந்தது.

கடைசிப் பார்சலோடு போனேன். நுஸ்ரத் மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். வீடியோவைப் பார்த்திருக்கிறாள். "அதில் என்ன சொன்னீர்கள்? எல்லாரும் கை தட்டினார்களே" என்றாள். சொன்னேன். மேடையில் சொன்னதை, மைக்கை நிறுத்தியதை, பிறகு கத்தினதை. சிங்களத்தில் கோபமாகக் கதைக்க எனக்கு வராது. பிச்சை கேட்பதுபோல இருந்தது.

நம்பினாளோ தெரியாது. மகளின் தலையை வாரிக்கொண்டே சொன்னாள்: "நீர்கொழும்பில் எங்கள் வீட்டுக்காரி நல்லவள். எங்களை வெளியே அனுப்பும்போது அவளும் அழுதாள். பிறகு கதவைப் பூட்டினாள்."

குத்திச் சொன்னாளா, ஆறுதலுக்குச் சொன்னாளா? பஸ் போகும்போது பாலையடிச் சந்தியில் வெடி கொளுத்தினார்கள். பிள்ளைகள் பயந்து சீற்றுக்குக் கீழே குனிந்தது கண்ணாடியால் தெரிந்தது. அதையும் ஒருவன் போனில் எடுத்தான்.

ஜூன் 5, புதன்

சாப்பாட்டு விலை எழுதித் தொங்கவிடுகிற கரும்பலகையை இறக்கி அழித்தேன். இப்படி எழுதினேன்:

'மே 21ஆம் தேதி இந்தக் கடையிலிருந்து முகாமுக்குப் போன சாப்பாடு பழுதாகியிருந்தது. ரோட்டை மறித்ததால் வெயிலில் நின்று பழுதானது. கொட்டச் சொன்னது நான். அவர்கள் அல்ல. — பவளராணி.'

வாசலில் தொங்கவிட்டேன். மத்தியானம் வந்தவர்கள் நின்று வாசித்துவிட்டு எதிர்க்கடைக்குப் போனார்கள். கச்சேரிக்காரர் மட்டும் உள்ளே தலையை நீட்டி, "பிள்ளை, உன்ரை வயித்திலை நீயே அடிக்கிறாய்" என்றார். சமைத்ததில் முக்கால்வாசி மிச்சம். ஜெசிந்தா வீட்டு ஒழுங்கைச் சனத்துக்குக் கொடுத்து விட்டேன்.

ஜூன் 6, வியாழன்

துவாரகன் போனோடு வந்தான். வாசலைப் படம் பிடித்தான்.

"அக்கா, இப்பிடி எழுதச் சொல்லி என்ஜிஓ என்ன தந்தது?"

"ஒண்டும் தரேல்லை. நீ அண்டைக்குத் தாங்கியிலை ஏறேக்கை கீழை மணக்கேல்லையே உனக்கு?"

சிரித்தான். பற்கள் நல்ல வெள்ளை. "மணந்தது, அக்கா. படத்திலை மணம் வராதே."

பின்னேரமே போட்டுவிட்டான்: 'டொலருக்கு விலைபோன சாப்பாட்டுக்கடை.' போன வாரம் எனக்காக அழுதவர்கள் இந்த வாரம் என் தாயை இழுத்து எழுதியிருக்கிறார்கள். கொஞ்சம் வாசித்தேன். பிறகு போனை அரிசிப் பெட்டிக்கு மேலே வைத்துவிட்டு மீன் கழுவினேன். போனைவிட மீன் செதிலும் குடலும் சுத்தமாக இருந்தன.

ஜூன் 7, வெள்ளி

யாரும் வரவில்லை. ஒரு லொறிச் சாரதி மட்டும், வெளியூர்க்காரர், பலகையை வாசிக்காமல் வந்து சாப்பிட்டுப் போனார்.

ரூபன் தன் நேரத்துக்கு வந்தான். மோட்டார் சைக்கிளை நிற்பாட்டிவிட்டுப் பலகைக்கு முன்னால் நின்றான். பல தடவை வாசித்தவன்போலத்தான் இருந்தது, இருந்தாலும் வாசித்தான். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.

"கழட்டு, அக்கா. கட்சியிலை என்னைக் கேக்கினம்."

"கழட்டமாட்டன்."

"நான் உன்ரை தம்பியல்லோ?"

"அதாலைதான் உன்ரை பேரை எழுதேல்லை."

கொஞ்ச நேரம் வெயிலில் நின்றான். உள்ளே சோறு ஆவி பறந்துகொண்டிருந்தது, மீன்குழம்பு மணம் அவனுக்கும் வந்திருக்கும். நான் உள்ளே வா என்று சொன்னால் வந்து இருப்பான், சாப்பிடுவான், தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பவும் கழட்டச் சொல்வான். நான் கழட்டிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். அதனால் ஒன்றும் சொல்லாமல் வாசலில் நின்றேன்.

மோட்டார் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனான். நாங்கள் முகாமில் இருந்த நாட்களிலும் நான் அவனைப் பசியோடு படுக்க விட்டதில்லை. இன்று சாப்பிடாமல் போகிறான் என்று தெரிந்துகொண்டே, சந்தி திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.